ப்ரோஸ்ட் எங்கிருந்து வந்துச்சு? பொரிச்ச கோழிக் கடைகளின் கதை

இன்னைக்கு எபிசோட் பொரிச்ச கோழியைப் பத்தி. பசியோட கேட்காதீங்க, பாதியில நிறுத்திட்டு ஆர்டர் போடப் போயிடுவீங்க.

எங்க ஊர் குலசேகரம்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். திற்பரப்பு அருவிக்கும் பேச்சிப்பாறை அணைக்கும் போறவங்க தாண்டிப் போற ஊர். வெளியூர்க்காரங்க கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க நாஞ்சில் நாடுன்னு நினைச்சுக்குவாங்க. நாஞ்சில் நாடுன்னா தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம், வயல் பூமி. எங்க பக்கம் ரப்பர், மரச்சீனி, தென்னை. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் வழியா கேரளாவோட கிடந்த ஊர்ங்கிறதால நாக்கும் பாதி அந்தப் பக்கம்தான். கோழியைத் தேங்காய் எண்ணெயில பொரிக்கிறது எங்க வீடுகள்ல புதுசு இல்ல.

ஆனா ஜங்ஷன்ல சாயங்காலம் நின்னு போர்டுகளைப் படிச்சீங்கன்னா ஒரு விஷயம் கவனிக்கலாம். சிவப்பு வெள்ளையில மூணு இங்கிலீஷ் எழுத்தைப் பெரிசாப் போட்டு, கீழே 'ஃப்ரைட் சிக்கன்'னு எழுதின கடைகள் இருக்கும். அது எல்லா ஊர்லயும் இருக்கு. அதோட 'ப்ரோஸ்ட்'னும் ஒரு சொல் இருக்கும். சில கடையில 'பிராஸ்ட்', சில கடையில 'ப்ரோஸ்டட்'. சென்னை, மதுரைல வளர்ந்த என் ஆபீஸ் நண்பர்கள்கிட்ட இந்தச் சொல்லைச் சொன்னா, ரோஸ்ட்டைத் தப்பா எழுதியிருக்காங்கன்னு சிரிப்பாங்க. எழுத்துப்பிழை இல்ல. அந்தச் சொல்லுக்குத் தனியா ஒரு வரலாறு இருக்கு, அது கென்டக்கி வழியா வரல. இந்த எபிசோட் அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டு போற பயணம்னு வச்சுக்கலாம்.

முதல்ல ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகணும். அமெரிக்காவில விர்ஜீனியா மாநிலத்துல கோர்டன்ஸ்வில்னு ஒரு சின்ன ஊர். உள்நாட்டுப் போர் முடிஞ்ச 1860களோட கடைசி. அந்தக் காலத்து ரயில்ல சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. ரயில் நின்னதும், அடிமைத்தனத்துல இருந்து அப்போதான் விடுதலையான கறுப்பினப் பெண்கள் தட்டைத் தலையில சுமந்துக்கிட்டு பிளாட்பாரத்துல ஓடுவாங்க. பொரிச்ச கோழி, பிஸ்கட், காபி. ஜன்னல் வழியா கைக்கு கை. நம்ம மணப்பாறை ஸ்டேஷன்ல முறுக்கு வித்த மாதிரி யோசிச்சுக்கோங்க.

ஏன் கோழி? தென் மாநிலங்கள்ல பல இடத்துல அடிமைகள் மாடு, பன்னி வச்சுக்கக் கூடாது. கோழியை மட்டும் முதலாளிகள் பெரிசா கண்டுக்கல. அதனால கோழி வளர்க்கிறது, சமைக்கிறது, விக்கிறது எல்லாம் அந்தப் பெண்களோட கைத்தொழிலா ஆச்சு. முதலாளி வீட்டுச் சமையலறையில பொரிச்சதும் அவங்கதான். கோர்டன்ஸ்வில்ல வித்த பெண்கள் அந்தக் காசுல வீடு கட்டினாங்க. சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன்ங்கிற ஆய்வாளர் 2006ல எழுதின புத்தகத்தோட தலைப்பே கோழிக்கால்ல இருந்து வீடு கட்டுறதைப் பத்தினதுதான். வியாபாரம் நல்லா போகுதுன்னு தெரிஞ்சதும் ஊர் நிர்வாகம் லைசன்ஸ், வரின்னு வந்துச்சு. பிறகு ரயில்லயே சாப்பாட்டுப் பெட்டி வந்துச்சு. அந்தப் பெண்கள்ல யார் பேர்லயும் இன்னைக்கு ஒரு கடை கிடையாது.

இப்போ நீங்க எதிர்பார்த்துக்கிட்டு இருக்கிற வெள்ளைத் தாடிக்காரருக்கு வருவோம். ஹார்லண்ட் சாண்டர்ஸ், பிறந்தது 1890. கென்டக்கியில கார்பின்ங்கிற ஊர்ல 1930ல ஒரு பெட்ரோல் பங்க் நடத்த ஆரம்பிச்சார். வழிப்போக்கர்களுக்குத் தன் சாப்பாட்டு மேசையிலயே சோறு போட்டார். அதுவே ஓட்டலா வளர்ந்துச்சு. கர்னல் பட்டம் ராணுவத்துல வாங்கினது இல்ல, 1935ல மாநில ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம்.

அவருக்கு இருந்த பிரச்சினை எந்த சாஃப்ட்வேர் ஆளுக்கும் புரியும்: லேட்டன்ஸி. எலும்போட இருக்கிற கோழித்துண்டை வாணலியில பொரிச்சு எடுக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வண்டியை நிறுத்திட்டு வந்தவன் அவ்வளவு நேரம் உட்கார மாட்டான். முன்னாடியே பொரிச்சு வச்சா ஆறிப் போகும், மிஞ்சினா நஷ்டம். எண்ணெயை நிறைய ஊத்தி முக்கிப் பொரிச்சா சீக்கிரம் ஆகும், ஆனா அவருக்கு அந்த ருசி பிடிக்கல. 1939ல சந்தைக்கு வந்திருந்த பிரஷர் குக்கரை வாங்கி, அதுல தண்ணிக்குப் பதிலா எண்ணெயை ஊத்திப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்குள்ள கோழி வெந்துடுச்சு.

இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா மொத்தக் கதையும் இங்கதான் இருக்கு. திறந்த வாணலியில கோழியைப் போட்டா சடசடன்னு சத்தம் வருதில்ல, அது எண்ணெயோட சத்தம் இல்ல. கறிக்குள்ள இருக்கிற தண்ணி 100 டிகிரியில ஆவியாகி வெளியே வர சத்தம். தண்ணி போகப் போக கறி வறண்டுடும். மூடி போட்டு அழுத்தத்தை ஏத்தினா தண்ணி கொதிக்கிற வெப்பநிலை 115, 120 டிகிரிக்குப் போயிடும். தண்ணி அவ்வளவு சுலபமா ஆவியாக முடியாது. உள்ளே ஈரம் தங்கும், வெப்பமும் வேகமா எலும்பு வரைக்கும் போகும். உள்ள சாறு, வெளியே மொறுமொறு. பதினொரு மசாலா ரகசியம்னு 1940ல இருந்து சொல்றாங்க, அதை லாக்கர்ல வச்சிருக்கோம்னு விளம்பரமும் பண்றாங்க. எனக்கு அந்த லாக்கர் கதையில பெரிய நம்பிக்கை இல்ல. மசாலாவை எந்த ஊர் அம்மாவும் ரெண்டு நாள்ல பிடிச்சுடுவாங்க. பிடிக்க முடியாதது அந்த மூடியும் நேரக்கணக்கும்தான்.

ஒரு நிமிஷம். வீட்டு குக்கர்ல எண்ணெய் ஊத்தி மூடி போட்டுப் பார்க்காதீங்க. சீரியஸா சொல்றேன். நம்ம குக்கரோட கேஸ்கட்டும் வால்வும் தண்ணி ஆவிக்குச் செஞ்சது. கொதிக்கிற எண்ணெய் பீய்ச்சி அடிச்சா ஆஸ்பத்திரிதான். சாண்டர்ஸ் காலத்துலயே அந்தக் குக்கர்கள் ஆபத்தானதுன்னு தெரிஞ்சுதான், பிறகு இதுக்குன்னே தனி மெஷின்கள் வந்துச்சு. அங்கதான் நம்ம ப்ரோஸ்ட் வருது, கொஞ்சம் பொறுங்க.

1950கள்ல சாண்டர்ஸோட ஊரைச் சுத்தி புது நெடுஞ்சாலை வரப் போகுதுன்னு முடிவாச்சு. வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போயிடும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழ கடை வச்சிருக்கவங்களுக்கு இந்தப் பயம் நல்லா புரியும். 1956ல ஓட்டலை ஏலத்துல வித்தார், கடனை அடைச்சார். கையில மிஞ்சினது மாசம் 105 டாலர் அரசாங்கப் பென்ஷன். வயசு 66. கார்ல குக்கரையும் மசாலாப் பொட்டலத்தையும் ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போய் ஓட்டல்காரங்களுக்குப் பொரிச்சுக் காட்டினார். பிடிச்சிருந்தா ஒப்பந்தம்: ஒரு கோழி வித்தா அவருக்கு 4 சென்ட், பிறகு 5 சென்ட். முதல் ஆள் அதுக்கு முன்னாடியே கிடைச்சிருந்தார், 1952ல சால்ட் லேக் சிட்டியில பீட் ஹார்மன். 'கென்டக்கி ஃப்ரைட் சிக்கன்'ங்கிற பேர் அந்தக் கடை போர்டு எழுத வந்த பெயின்டர் சொன்னது. கென்டக்கியில இருக்கிறவனுக்கு அது வெறும் பொரிச்ச கோழி, வெளியூர்லதான் ஊர்ப் பேர் விலை போகும். திருநெல்வேலி அல்வா திருநெல்வேலியில வெறும் அல்வாதானே.

1964ல 600 கடைக்கு மேல ஆன பிறகு, கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு வித்துட்டார். வாங்கினவங்கள்ல ஒருத்தர் ஜான் பிரவுன், அப்போ முப்பது வயசுதான். சாண்டர்ஸுக்கு வாழ்நாள் சம்பளம், பதிலுக்கு முகத்தையும் வெள்ளை கோட்டையும் கம்பெனிக்குக் கொடுத்துட்டார். 7 வருஷம் கழிச்சு, 1971ல அதே கம்பெனி ஹியூப்ளைன்ங்கிற மதுபான நிறுவனத்துக்கு 28 கோடி டாலருக்கு மேல போச்சு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில ரொம்ப பிடிச்ச பகுதி. கம்பெனியோட விளம்பரத் தூதரா ஊர் ஊரா போன கர்னல், கடைகளுக்குள்ள நுழைஞ்சு, சமையலறையில குழம்பை ருசி பார்த்துட்டு, எல்லார் முன்னாடியும் திட்டுவார். 1975ல ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில அந்த கிரேவியை சுவர்ல காகிதம் ஒட்டுற பசையோட ஒப்பிட்டார். கடைக்காரங்க அவதூறு வழக்கு போட்டாங்க, நிக்கல. அவர் பங்குக்கு ஹியூப்ளைன் மேல வழக்கு போட்டார், 10 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. போர்டுல சிரிக்கிற மனுஷன் கோர்ட்டுல அதே போர்டுக்கு எதிரா நின்னார். 1980ல இறந்தார். அவர் முகம் மட்டும் இன்னும் வேலை பார்க்குது.

சரி, மெஷின் இருக்கு, ஒப்பந்தம் இருக்கு. இன்னொண்ணு வேணும். ஒரே அளவு கோழி. ஒரு கடையில 9 துண்டா வெட்டி, இத்தனை நிமிஷம்னு டைமர் வச்சுப் பொரிக்கணும்னா, கோழிகள் எல்லாம் ஒரே எடையில இருக்கணும். வீட்டுக் கோழி அப்படி இருக்காது. ஒண்ணு ஒல்லி, ஒண்ணு கிழடு. டைமர் இருக்கிற இடத்துல நாட்டுக்கோழி ஒரு பக்.

கறிக்காகவே கோழி வளர்க்கிற தொழில் அமெரிக்காவுல ஒரு டெலிவரி குளறுபடியில தொடங்கினதா சொல்வாங்க. 1923ல டெலவேர் மாநிலத்துல சீலியா ஸ்டீல்ங்கிற பெண் முட்டைக்காக 50 குஞ்சு கேட்டாங்க, 500 வந்து இறங்கிடுச்சு. திருப்பி அனுப்பாம வளர்த்து கறிக்கு வித்தாங்க. மூணு வருஷத்துல 10,000 கோழி கொள்ளுற கொட்டகை கட்டினாங்க. 1940களோட கடைசியில 'நாளைய கோழி'ன்னு நாடு தழுவின போட்டியே நடந்துச்சு: யார் கோழிக்கு நெஞ்சுக்கறி அதிகம், யார் கோழி சீக்கிரம் வளருதுன்னு. ஜெயிச்ச கலப்பு இனங்கள் பிறகு உலகத்துப் பண்ணைகள்ல பரவிச்சு. கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல பழைய இனங்களைப் பாதுகாத்து வச்சிருந்து, ஒரே தீவனம் கொடுத்து ஒண்ணா வளர்த்துப் பார்த்தாங்க, 2014ல வெளிவந்த ஆய்வு. 56 நாள்ல 1957 கால இனம் 905 கிராம். 2005 கால இனம் 4,202 கிராம். அதே தீவனம், அதே நாள்.

இந்தியாவுல இந்தக் கோழி 1970கள்ல இருந்து பெரிய அளவுல வருது. 1971ல பி.வி.ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கினார். நம்ம பக்கம் 1980கள்ல உடுமலைப்பேட்டையில ரெண்டு சகோதரர்கள் ஆரம்பிச்ச சுகுணா, 1990களோட தொடக்கத்துல ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பைக் கொண்டு வந்தாங்க. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. ஷெட், கரண்ட், தண்ணி, உழைப்பு விவசாயியோடது. வளர்ந்த கோழியைக் கம்பெனி எடை போட்டு எடுத்துக்கும். விவசாயிக்கு கிலோ கணக்குல வளர்ப்புக் கூலி. கோழி விலை விழுந்தா அந்த நஷ்டம் விவசாயி தலையில நேரா விழாது, அது ஒரு நிம்மதிதான். விலை ஏறினாலும் அந்த லாபம் அவருக்கு முழுசா வராது. பல்லடம், உடுமலை வழியா பஸ்ல போனா ரோட்டோரம் பார்க்கிற நீளமான கொட்டகைகளோட கணக்கு இதுதான்.

இப்போ ப்ரோஸ்ட்.

1954ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல எல்.ஏ.எம். ஃபெலன்ங்கிறவர், பாதுகாப்பா பிரஷர்ல பொரிக்கிறதுக்குன்னே ஒரு மெஷின் செஞ்சார். ப்ராய்ல், ரோஸ்ட் ரெண்டையும் ஒட்டி 'ப்ரோஸ்டர்'னு பேர். அதுல செஞ்ச கோழி 'ப்ரோஸ்டட்'. பெலாய்ட்ங்கிற ஊர்ல இருந்து இயங்குற அந்தக் கம்பெனியோட வழி கென்டக்கிக்காரரோட வழி இல்ல. உன் கடை, உன் பேர், உன் மெனு. மெஷினையும் மசாலா மாவையும் எங்ககிட்ட வாங்கு, எங்க முறைப்படி செய், 'ப்ரோஸ்டட்'னு எழுதிக்கோ. கிளைக் கட்டணம், ராயல்டி எதுவும் வேண்டாம். அமெரிக்காவுல பார், பெட்டிக்கடை, பௌலிங் விளையாடுற இடம்னு சின்னச் சின்ன இடங்களுக்கு அது போச்சு. பெரிய சங்கிலிக்கடையா அது ஆகல.

ஆனா சொல் பறந்துச்சு. 1974ல சவுதி அரேபியாவுல ஜித்தாவுல ஷகூர் அபு கஸாலான்னு ஒருத்தர் ப்ரோஸ்டட் கோழிக்கடை போட்டார். ரெண்டே வருஷத்துல அவர் இறந்துட்டார், மகன்கள் எடுத்து நடத்தினாங்க. அதுதான் பிறகு அல் பைக். சவுதியில இருந்து வந்த மாமாவோ சித்தப்பாவோ உங்க வீட்டுல இருந்தா இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, முகம் மாறும். ஹஜ், உம்ரா போயிட்டு வந்தவங்களும் சொல்வாங்க. வளைகுடா முழுக்க 'ப்ரோஸ்ட்'ங்கிறது ஒரு கம்பெனிப் பேரா இல்லாம, ஒரு சாப்பாட்டுப் பேரா ஆயிடுச்சு. நம்ம ஊர்ல ஜெராக்ஸ் ஆன மாதிரி.

1970கள்ல இருந்து கேரளத்துல இருந்தும் எங்க மாவட்டத்துல இருந்தும் வளைகுடாவுக்குப் போனவங்க எத்தனை பேர்னு சொல்லத் தேவையில்ல. அவங்க கொண்டு வந்த பொருள்கள்ல டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், கம்பளியைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. நாக்குல கொண்டு வந்ததைப் பத்தி யாரும் பேசல. குழிமந்தி, ஷவர்மா, அல்ஃபாம், ப்ரோஸ்ட். 2000ல துபாயில ஒரு மலையாளி தொடங்கின சிக்கிங் மாதிரி சங்கிலிக்கடைகள்கூட இந்த வழியிலதான் வந்துச்சு. ஆக குலசேகரத்து போர்டுல இருக்கிற அந்தச் சொல் விஸ்கான்சின்ல பிறந்து, ஜித்தாவுல வளர்ந்து, யாரோ ஒரு குமரி மாவட்டத்துச் சமையல்காரரோட பெட்டியில வந்திருக்கு. கேஎஃப்சியோட விளம்பரம் எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே பலருக்கு இந்த ருசி தெரிஞ்சிருந்துச்சு.

கேஎஃப்சி இந்தியாவுக்கு வந்த கதை தனி. அதைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும், ஏன்னா இன்னைக்கு பெங்களூர்ல வேலை பார்க்கிற நம்மள்ல பலரும் அந்த பிரிகேட் ரோட்டுல நடந்துட்டு இதைத் தெரியாம இருக்கோம்.

1995 ஜூன். பொருளாதாரத்தைத் திறந்து விட்டு நாலு வருஷம். அப்போ பெப்சிகோ கையில இருந்த கேஎஃப்சி, இந்தியாவோட முதல் கடையை பெங்களூர் பிரிகேட் ரோட்டுல திறந்துச்சு. எதிர்ல நின்னது கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம். அதோட தலைவர் எம்.டி.நஞ்சுண்டசாமி, சட்டம் சொல்லிக் கொடுத்த பேராசிரியர். 1992 டிசம்பர்லயே கார்கில் விதைக் கம்பெனியோட பெங்களூர் அலுவலகத்துக்குள்ள புகுந்து காகிதத்தையெல்லாம் தெருவுல போட்டு எரிச்ச சங்கம் அது.

அவங்க வாதத்தை இப்போ யூட்யூப்ல கேலியா சொல்றாங்க, வெளிநாட்டுக் கோழி வேண்டாம்னு கத்தினாங்கன்னு. அது அரைகுறை. அவங்க சொன்னதுல முக்கியமானது தானியத்தைப் பத்தி. கறிக்கோழிக்குச் சோளமும் சோயாவும் வேணும். கோழிச் சங்கிலிக்கடைகள் பெருகினா, மனுஷனுக்கு ராகியும் சோளமும் விளையிற நிலம் தீவனத்துக்கு மாறும், என்ன விதைக்கணும்ங்கிறதை விவசாயி முடிவு பண்ண மாட்டான், கோழி வாங்குற கம்பெனி முடிவு பண்ணும். இதோட சேர்த்து உடம்புக்குக் கேடு, கலாசாரத்துக்குக் கேடுன்னும் சொன்னாங்க. தானியத்தைப் பத்தின வாதம் கனமானது, கலாசார வாதம் எனக்கு ஒட்டல. ஆனா பத்திரிகைகளுக்கு ரெண்டாவதுதான் சுவாரஸ்யமா இருந்துச்சு.

அரசாங்கமும் தானியத்தைத் தொடல. செப்டம்பர்ல பெங்களூர் மாநகராட்சி, மாவுல அஜினமோட்டோ அனுமதிச்ச அளவைவிட அதிகம்னு சொல்லி லைசன்ஸை ரத்து பண்ணிச்சு. கம்பெனி ஹைகோர்ட் போய் கடையைத் திரும்பத் திறந்துச்சு. அதே வருஷக் கடைசியில டெல்லி கடையை, சமையலறையில ரெண்டு ஈ இருந்துச்சுன்னு மூடினாங்க. டெல்லியில ரெண்டே ரெண்டு ஈ இருக்கிற சமையலறைக்கு விருது கொடுக்கணும்னு அப்போ ஜோக் ஓடியிருக்கணும். 1996 ஜனவரி 30, காந்தி நினைவு நாள். ரைத்த சங்கத்தார் பிரிகேட் ரோடு கடைக்குள்ள புகுந்து கண்ணாடி, மேசை, நாற்காலியெல்லாம் உடைச்சாங்க. காந்தி நினைவு நாள்ல கண்ணாடி உடைக்கிறதை நான் நியாயப்படுத்தப் போறதில்ல. உள்ள வேலை பார்த்துக்கிட்டு இருந்த பசங்களும் யாரோ வீட்டுப் பிள்ளைங்கதான்.

அதுக்கு அப்புறம் பல வருஷம் கேஎஃப்சி இந்தியாவுல பெரிசா நகரல. 2000களோட நடுவுலதான் திரும்ப வேகம் எடுத்துச்சு. சைவ அயிட்டம், காரம் கூடின மசாலா, அரிசி போட்ட கிண்ணம்னு மெனுவை மாத்தினாங்க. இன்னைக்கு நாட்டுல ஆயிரம் கடைக்கு மேல. தமிழ்நாட்டுல நீங்க போற கடையை நடத்துறது சஃபையர் ஃபுட்ஸ்ங்கிற இந்தியக் கம்பெனி, 2021ல பங்குச்சந்தைக்கும் வந்துட்டாங்க. 1972ல நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துல தொடங்கின பாப்பாய்ஸ், 2022 ஜனவரியில பெங்களூர்ல கடை திறந்துச்சு. யாரும் கல் எறியல. எறிய வேண்டிய அவசியமும் இல்லாம போச்சு, ஏன்னா நஞ்சுண்டசாமி பயந்த விஷயம் கண்ணாடிக் கதவு வழியா வரல. அது உடுமலையில இருந்தும் ஹைதராபாத்துல இருந்தும், நம்ம கம்பெனிகள் மூலமா, தெருமுனைக் கறிக்கடை வழியா வந்துடுச்சு. வெளிநாட்டுக் கடை நுழையவே இல்லாத ஊர்லகூட சாப்பிடுறது அந்த 'நாளைய கோழி'யோட வம்சம்தான். அவர் 2004ல இறந்தார்.

நடுவுல நம்ம சிக்கன் 65 ஞாபகம் வந்திருக்கும். சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஓட்டல்ல 1965ல மெனுவுல சேர்த்ததுன்னு அவங்க சொல்றாங்க. அதுக்குப் பிறகு 78, 82, 90ன்னும் போட்டாங்க. 65 நாளான கோழி, 65 துண்டு, 65 மிளகாய்ன்னு நம்ம ஆட்கள் கட்டின கதைகளை விட்டுடுவோம். எனக்கு முக்கியமா படுறது வேற. புகாரி அந்தப் பேருக்கு யார்கிட்டயும் 4 சென்ட் வாங்கல. அதனாலதான் அது தள்ளுவண்டி வரைக்கும், காலிஃபிளவர் வரைக்கும் போச்சு. எலும்பில்லாத சின்னத் துண்டு, திறந்த வாணலி, அஞ்சு நிமிஷம். சாண்டர்ஸ் மெஷின் வாங்கித் தீர்த்த பிரச்சினையை நம்ம மாஸ்டர்கள் கத்தியை வச்சுத் தீர்த்துட்டாங்க. துண்டைச் சின்னதாக்கினா நேரம் குறையும், அவ்வளவுதான்.

எங்க ஊர்ல ஒரு அண்ணன் இருக்காரு. ஜித்தாவுல ஒரு ப்ரோஸ்ட் கடையில பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்துட்டு வந்து, குலசேகரத்துல சொந்தமா கடை போட்டாரு. அங்க பழைய மெஷினா விலைக்கு வாங்கி, கோயம்புத்தூர்ல ரிப்பேர் பார்த்து வச்சிருக்காரு. உருளைக்கிழங்குக்குப் பதிலா மரச்சீனியை நீளமா வெட்டிப் பொரிச்சு, தேங்காய்ச் சம்மந்தியோட கொடுப்பாரு. கொள்ளாம்னு சொன்னா பத்தாது, நீங்க வந்து தின்னு பார்க்கணும். கோழி மட்டும் பல்லடம் பக்கத்துல இருந்துதான் வருது.

போன மாசம் ஒரு சங்கிலிக்கடை கம்பெனி, பேர் வேண்டாம், அவர்கிட்ட கிளை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல இருந்த ஒப்பந்தத்தை, "மக்களே, நீ படிச்ச பையன்லா, பாத்துச் சொல்லு"ன்னு எனக்கு அனுப்பினாரு. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிச்சேன். நுழைவுக் கட்டணம். கடையோட உள் அலங்காரம் அவங்க சொல்ற ஆள்தான் செய்யணும். மாவு, சாஸ், எண்ணெய், உறைஞ்ச உருளைக்கிழங்கு எல்லாம் அவங்ககிட்டதான் வாங்கணும். ராயல்டி லாபத்துல இல்ல, விற்பனையில. அதாவது அந்த மாசம் அவருக்கு நஷ்டமானாலும் கம்பெனிக்குப் பங்கு போயிடும். கர்னலோட 4 சென்ட்டும் அப்படித்தான், கடைக்காரன் சம்பாதிச்சானான்னு அது கேட்காது. ஒப்பந்தம் முடிஞ்சா இத்தனை வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்குள்ள கோழிக்கடை நடத்தக் கூடாதுன்னும் ஒரு வரி. அதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது. கையெழுத்து போட்டா, ஜித்தாவுல கத்துக்கிட்ட தொழிலை அவர் சொந்த ஊர்ல செய்ய ஒரு கம்பெனியோட அனுமதி வேணும்.

மறுபக்கமும் இருக்கு, அதையும் அவர்கிட்ட சொன்னேன். திற்பரப்புக்குப் போற டூரிஸ்ட் தெரியாத ஊர்ல தெரிஞ்ச போர்டைப் பார்த்துதான் வண்டியை நிறுத்துவான். பாங்க்ல லோன் கேட்டா, பேர் பெற்ற கம்பெனியோட கிளைன்னா மேனேஜர் உட்காரச் சொல்லுவாரு. மெஷின் நின்னுட்டா கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வேண்டாம். அவருக்கு ரெண்டு பெண் பிள்ளைங்க, மூத்தது ப்ளஸ் டூ. ரிஸ்க் எடுக்கிற வயசு இல்லைன்னு அவரே சொல்றாரு.

எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "மரச்சீனி விக்க விடுவானா?"

மெயில் போட்டுக் கேட்டேன். மெனுவுல இல்லாத எதையும் விக்கக் கூடாதுன்னு பதில் வந்துச்சு. அண்ணன்கிட்ட சொன்னேன். "சரி, ஓணம் கழிஞ்சு சொல்லுதேன்"னாரு. அடுத்த எபிசோட் ரப்பரைப் பத்தி. வரேன் மக்களே.